இன்னொரு மார்கழி போகட்டுமுங்க

எந்தப் பறவையைக் காட்டிக் கேட்டாலும் அவரிடமிருந்து பதில் சட்டென்று வந்துவிடும். மீன்கொத்தி, நாமக்கோழி, நீர்க்காகம் என்று பெயரையும் சொல்லி, அது ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுவார். ஆனால் ஓர் இளம் கடற்காகத்தைக் காட்டிவிட்டால் போதும். தொலைநோக்கியை நெஞ்சுக்கு இறக்கிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "இன்னொரு மார்கழி போகட்டுமுங்க, சார்" என்பார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதனால் எங்கள் கூட்டத்தில் அவருக்கு மார்கழி அண்ணன் என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும். சிரித்துக்கொள்வார்.

கூட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சூலூர்க் குளத்தங்கரையில் பறவை பார்க்கக் கூடுகிற நாலைந்து பேர். எனக்குச் சர்க்கரை வந்து, மருத்துவர் நடக்கச் சொல்லி, தனியாக நடக்கச் சோம்பல் பட்டுக்கொண்டு இவர்களோடு ஒட்டிக்கொண்டவன் நான். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. காக்கைக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்று இருந்தவனை, கடற்காகத்தின் வால் நுனியை உற்றுப் பார்க்கிற அளவுக்குக் கெடுத்தது அவர்தான்.

கோயமுத்தூருக்கும் கடற்காகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிறவற்றில் கொஞ்சம் கடலை விட்டுவிட்டு உள்நாட்டுக் குளங்களுக்கும் வந்துவிடுகின்றன. பழுப்புத்தலைக் கடற்காகம் என்று ஒன்று. பெயர்தான் பழுப்புத்தலையே தவிர, இங்கே வந்திருக்கிற மாதங்களில் அதன் தலை வெள்ளையாகத்தான் இருக்கும். பழுப்பு இறகெல்லாம் உதிர்ந்துபோய், ஊருக்குத் திரும்புகிற நேரத்தில்தான் மறுபடி முளைக்கும். பெரியவை பரவாயில்லை, ஒருமாதிரி கண்டுபிடித்துவிடலாம். இளசுகள்தான் ஆளைச் சுற்றவிடும். வெள்ளை வேட்டியில் டீயைக் கொட்டிக்கொண்டது போலச் சிறகெல்லாம் பழுப்புத் திட்டு, வால் நுனியில் கறுப்புப் பட்டை. ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒன்று சீக்கிரம் பொரித்திருக்கும், இன்னொன்று தாமதமாக. ஒன்றுக்கு வெயிலில் இறகு வெளுத்திருக்கும், இன்னொன்றுக்குப் பாதி உதிர்ந்து பாதி முளைத்திருக்கும். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு குஞ்சுகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் வேறு வேறு பறவை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தோன்றும்.

"இதுக என்னவா ஆகப்போகுதுன்னு இதுகளுக்கே தெரியாதுங்க சார். நாம என்னத்துக்கு இப்பவே பேரு வெக்கோணும்?" என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய தொழிலே இறகைப் பார்த்து நொடியில் முடிவு செய்கிற தொழில். பல்லடம் பக்கத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரி வைத்திருந்தார். ஒருமுறை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். நீளமான மேசைக்கு இருபுறமும் பெண்கள் உட்கார்ந்து, அன்றைக்குப் பொரித்த குஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துச் சிறகை விரித்துப் பார்த்து இந்தப் பெட்டியிலும் அந்தப் பெட்டியிலுமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வளர்த்த ஜாதியில், பொட்டைக் குஞ்சுக்குச் சிறகோரத்து இறகுகள் நீளமும் குட்டையுமாக மாறி மாறி இருக்குமாம். சேவலுக்கு எல்லாம் ஒரே அளவு. அவரும் ஒரு குஞ்சை எடுத்துப் பார்த்தார். நான் கண் சிமிட்டுவதற்குள் அது பெட்டிக்குள் இருந்தது.

"வாரம் பூரா இதே பொழப்புங்க. பொறந்த அன்னைக்கே சிறகப் புடிச்சுப் பாத்து நீ இந்தப் பொட்டி, நீ அந்தப் பொட்டின்னு தள்ளி உட்டுடறோம். ஞாயித்துக்கெழமையாச்சும் ஒரு உசுர முடிவு கட்டாம பாக்கலாமுன்னுதானுங்க கொளத்துக்கு வாரேன்" என்றார்.

எனக்கு அந்தப் பதில் ரொம்பவும் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்து மனைவியிடம்கூடச் சொன்னேன்.

அவருடைய பொறுமை குளத்தோடு நின்றுவிடவில்லை. குளம் முடிந்து நாங்கள் திருச்சி ரோட்டுப் பேக்கரியில் டீக் குடிப்போம். தேங்காய் பன்னா, பப்ஸா என்று அவர் முடிவு செய்வதற்குள் நாங்கள் இரண்டாவது டீயை ஆரம்பித்திருப்போம். கார் மாற்றுவதற்கு மூன்று வருடம் யோசித்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மாடல் நின்றுபோனது. ஹேச்சரியில் முட்டைத் தட்டுகளை வாரத்துக்கு ஒருமுறை கீழே போட்டு உடைக்கிற ஓர் ஆள் இருந்தான். வேறு யாராக இருந்தாலும் கணக்கை முடித்து அனுப்பியிருப்பார்கள். இவர் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு அவனே பொரிப்பு இயந்திரங்களையெல்லாம் தனியாகப் பார்த்துக்கொள்கிற ஆளாக ஆகிவிட்டான். மின்சாரம் போனால் வீட்டிலிருந்து ஓடிவந்து ஜெனரேட்டரைப் போடுவான். "பாத்தீங்களா?" என்று அவர் என்னிடம் கேட்டபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷம், சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறியது போல இருந்தது. அவர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாரும் அவரை வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

ஒரு வருடம் சூலூர்க் குளத்தில் பெரிய கடற்காகம் ஒன்று தனியாக வந்து இறங்கியது. பருந்து அளவு இருக்கும். உடம்பெல்லாம் மண் நிறம், அலகு கறுப்பு, பார்க்கவே அழுக்காக இருந்தது. எங்கள் கூட்டத்தில் இருந்த பல் டாக்டருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பீரங்கி மாதிரி லென்ஸ் வைத்திருந்தவர் அவர். படமெடுத்து, புத்தகத்தைப் புரட்டி, இதுவரை இந்தப் பக்கமே வராத ஏதோ ஓர் அபூர்வ வகை என்று பெயர் சூட்டி அன்று மதியமே இணையத்தில் போட்டுவிட்டார். மார்கழி அண்ணனிடம் ஒப்புதல் கேட்டோம்.

"இந்தப் பெரிய ஜாதி பெரிய மனுசனாக நாலு வருசமாவுமுங்க. இப்ப இருக்கறது பூராவும் உதுந்து போயிரும். உதுந்துபோற இறகப் பாத்து எப்புடிங்க பேரு சொல்றது? இன்னொரு மார்கழி போகட்டும்."

டாக்டர் முகத்தைத் தூக்கிக்கொண்டார். ஆனால் அடுத்த குளிர்காலத்திலும் அப்படி ஒரு பறவை வந்தது. முதுகில் அங்கங்கே சாம்பல் தெரிந்தது. அதற்கடுத்த வருடம் சாம்பல் கூடி, பழுப்பு சிறகோரத்துக்கு ஒதுங்கியிருந்தது. அதே பறவைதானா என்பதற்கு எங்களிடம் சாட்சி எதுவும் இல்லை. ஆனாலும் அதேதான் என்று எல்லோரும் நம்பினோம். நாலாவது குளிர்காலத்தில் முதுகு முழுக்க அடர்ந்த சாம்பலும் மஞ்சள் காலும் வெள்ளைத் தலையுமாக, எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் போடுகிற, கடற்கரையில் வழக்கமாகத் திரிகிற பெரிய கடற்காகமாக அது வந்து நின்றது. டாக்டர் தன் அபூர்வப் பறவையை இணையத்திலிருந்து அழித்துவிட்டு, எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் கைதட்டினோம். மார்கழி அண்ணன் பேக்கரி வாசலில் நின்றுகொண்டு, "எளசுல பாத்துப்போட்டு எதையுமே இதுதான்னு முடிவு கட்டப்படாதுங்க. நாமளும் அப்பிடித்தானுங்களே வளந்தோம்?" என்றார்.

அந்தக் குளிர்காலத்துக்குக் கொஞ்சம் முன்புதான் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீடு பல்லடத்தில். சொந்தமாகத் தறி குடோன் வைத்திருந்த குடும்பம், பையன் பார்க்க லட்சணமானவன். கல்யாணத்தில் நானும் சாப்பிட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளத்திலிருந்து திரும்பும் வழியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி எங்கள் இருவருக்கும் சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கொடுத்தார். எதையும் முகத்துக்கு நேரே பேசுகிற அம்மாள் அவர். உள்ளறையில் மகள் படுத்திருந்தாள். வாசலில் அவளுடைய பை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. கணவன் கை ஓங்குகிறான் என்று சொல்லிக்கொண்டு முந்தின நாள் வந்திருக்கிறாள். என் எதிரிலேயே அந்த அம்மாள் பேச்சை எடுத்தார்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. புள்ள கன்னத்துல வெரலு தெரியுது. இவரு நாளைக்குக் கொண்டுபோயி உட்டுட்டு வாரேங்கறாரு."

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் குரல் கனிந்துதான் இருந்தது. "மாப்ள இன்னும் சின்னப் பையன் அம்மணி. அப்பன் செல்லத்துல வளந்தவன். தறி ஓட்டமும் இப்பச் செரியில்ல, அந்தக் கோவம் ஊட்டுல காட்டறான். அதுக்குள்ள ஒரு ஆளு எப்பிடின்னு சொல்லிப்போட முடியுமா? இன்னொரு மார்கழி போகட்டும்."

"பறவைக்கு இறகு உதுருமுங்க. இவனுக்கு என்னங்க உதுரும்?" என்றார் அந்த அம்மாள்.

மார்கழி அண்ணன் கை கழுவ எழுந்துவிட்டார். மறுநாள் மகளைத் தன் காரிலேயே கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வெறும் கையோடு போகவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டையும், மகளுக்கு அவளுக்குப் பிடித்த கச்சாயப் பலகாரமும் கொண்டுபோனார். அவளை விட்டுவிட்டுத் திரும்பும்போது வழியில் காரை நிறுத்தி அழுதிருக்கிறார். அதை அவரே என்னிடம் சொன்னார். கல் நெஞ்சுக்காரர் என்றால் சுலபமாகப் போயிருக்கும். அவர் அப்படி இல்லை.

அதன்பிறகு அவள் இன்னொரு தடவையும் வந்தாள். மறுபடியும் கொண்டுபோய் விட்டார். இந்தத் தடவை சில வாரம் கழித்து, குளத்திலிருந்து நேராகப் பல்லடம் போய் மகளை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று என்னையும் கூட்டிப்போனார். இருவர் கழுத்திலும் தொலைநோக்கி தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தான். "வாங்க மாமா, வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மகள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவன்தான் நூல் விலை, கரண்ட் பில் என்று பேசிக்கொண்டே இருந்தான். கிளம்பும்போது அவர் மகளிடம், "நல்லா இருக்கறயா கண்ணு?" என்று கேட்டார். அவள் கணவனை ஒருமுறை பார்த்துவிட்டு, "இருக்கறனுங்கப்பா" என்றாள்.

காரில் ஏறியதும் அவர் முகம் மலர்ந்திருந்தது. "பாத்தீங்களா சார்? போன வாட்டி வந்தப்ப எந்திரிக்கவே இல்லீங்க. செல்போனப் பாத்துட்டே வாங்கன்னான். இந்த வாட்டி கேட்டு வரைக்கும் வந்தான். நாற்காலியத் தொடச்சுப் போட்டான். மூஞ்சியப் பாத்துப் பேசறான். மாறிட்டு வாரானுங்க." ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். கடற்காகத்தின் முதுகில் முதல் சாம்பல் இறகு தெரிந்தபோது எங்களிடம் எப்படிச் சொன்னாரோ அதே குரலில் சொன்னார். அத்தனை வருடம் கண்ணுக்கு அத்தனை பழக்கம் கொடுத்தவர், மருமகனைத்தான் தலையிலிருந்து கால்வரை அளந்து பார்த்தார். தூணோரம் நின்ற மகளை அப்படிப் பார்க்கவில்லை.

அடுத்த மார்கழி வருவதற்கு முன்பே அது நடந்துவிட்டது. அன்றும் ஞாயிற்றுக்கிழமை. குளத்தங்கரையில் எல்லோரும் போனை ஊமையாக்கி வைத்துவிட வேண்டும் என்பது அவரே போட்ட விதி. டீக் குடிக்கப் பேக்கரியில் உட்கார்ந்தபோதுதான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். திரை முழுக்க மனைவியிடமிருந்து வந்த அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து காரை நோக்கி நடந்தார். டீ மேசைமேல் அப்படியே இருந்தது.

அந்த அம்மாள் கணவனுக்காகக் காத்திருக்கவில்லை. காலையில் மகள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். இவருக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, ஹேச்சரியில் குஞ்சு ஏற்றிக்கொண்டு போகிற வேனில், அந்த முட்டை உடைக்கிற ஆளையே ஓட்டச் சொல்லிப் பல்லடத்துக்குப் போய் மகளை ஏற்றிக்கொண்டு நேராக ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காது டாக்டரிடம் போயிருந்தார். இட்லிக்குச் சட்னி அரைக்கத் தாமதமானதற்காக அடித்திருக்கிறான். இடது காதில் இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். "இது இன்னிக்கு ஒருநாள் அடியில ஆனது இல்லம்மா, ரொம்ப நாளாவே அடி பட்டிருக்கு" என்றும் சொன்னாராம். அந்த வார்த்தையைச் சொல்லும்போது மார்கழி அண்ணன் அந்த அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தாராம். இதை அந்த அம்மாள்தான் எனக்குச் சொன்னார்.

மகளிர் காவல் நிலையத்துக்கும், பிறகு வக்கீல் வீட்டுக்கும் அந்த அம்மாளே அலைந்தார். மகள் வீட்டோடு வந்துவிட்டாள். ஹேச்சரிக்கு வருகிற குஞ்சு ஆர்டர்களைப் போனில் எடுப்பது அவள்தான். எப்போதும் வலது பக்கம் வைத்துத்தான் பேசுவாள். அப்பாவிடம் கோபமாக ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சில மாதங்கள் கழித்து அவர் குளத்துக்கு மறுபடி வந்தார். மெலிந்திருந்தார். பழுப்புத் திட்டுகளோடு ஓர் இளம் கடற்காகம் தண்ணீர்மேல் தாழப் பறந்து போனது. யாரும் கேட்கவில்லை. அவராகவே ஒரு பெயர் சொன்னார். தொலைநோக்கியைத் தூக்கக்கூட இல்லை. அடுத்து வந்ததற்கும் சொன்னார், அதற்கடுத்ததற்கும். ஹேச்சரி மேசையில் குஞ்சைப் பிரித்துப் போடுகிற வேகம். சொன்னதில் பாதி தப்பு என்று எனக்கே தெரிந்தது. பல் டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் "ஆமாங்ணா" என்றோம். அன்றைக்குப் பிறகு அவர் குளத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தபோது சொல்லிக்கொள்ளப் போனேன். காலை பதினொரு மணி இருக்கும். கூடத்தில் மகள் சோபாவில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, "வாங்க, உக்காருங்க" என்றாள். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் உள்ளேயிருந்து வந்து மகளுக்குப் பக்கத்தில், இடது கைப்பக்கமாக, உட்கார்ந்தார். வலது பக்கமும் இடம் காலியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் சேலத்தைப் பற்றிப் பேசினோம். அவள் வெங்காயத்தில் குனிந்துகொண்டாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"அம்மணி, அப்பன் தப்புப் பண்ணிப்போட்டன். உன்ன நான் பாக்கவே இல்ல. மன்னிச்சுக்க கண்ணு."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்துத் தோலைக் கிள்ளினாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்று அவர் மறந்துவிட்டாரா, தெரிந்தேதான் உட்கார்ந்தாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற அந்த அம்மாளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவர் சத்தம் போடவில்லை.

"ஏனுங்க, அக்கட்டால போயி உக்காந்து சொல்லுங்க" என்றார்.

அவர் எழுந்தார். மகளைச் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் உட்கார்ந்தார். அவள் வெங்காயத்தை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர் உதடு அசைந்தது.

"காபி குடிக்கறயா கண்ணு?" என்று கேட்டார்.

"இப்பத்தான் குடிச்சனுங்கப்பா" என்றாள்.